தாழ்ந்த நிலம், கறுத்த குன்று: நிலக்கரிக்குப் பிறகு ரூர்

2018 டிசம்பர் 21 அன்று, ஜெர்மனியின் போட்ராப் நகரிலுள்ள புரோஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த தொழிலாளர்கள், கடைசியாக வெட்டிய நிலக்கரிக் கட்டியைக் குடியரசுத் தலைவர் பிராங்க்-வால்டர் ஸ்டெய்ன்மையரிடம் கொடுத்தார்கள். ஜெர்மனியில் நிலத்தடி நிலக்கரி வெட்டும் தொழில் அன்றோடு நின்றது. கரி வெட்டுவது நின்றாலும், போட்ராப் அடங்கிய ரூர் வட்டாரத்தின் நீரேற்று இயந்திரங்கள் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்தினால் ஊர்களே நீரில் மூழ்கும்.

இதன் காரணம் புரிய, நமக்குத் தெரிந்த நெய்வேலியோடு ஒப்பிடலாம். நெய்வேலியில் நடப்பது திறந்தவெளிச் சுரங்கம். அங்கே மேல்மண்ணை அகற்றித்தான் பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். நிலத்துக்கு நேரும் சேதம் கண்ணெதிரே தெரிகிறது. நிலத்தடிச் சுரங்கத்தின் சேதம் அப்படித் தெரியாது. மேலே வீடும் சாலையும் வயலும் இருந்தபடி இருக்க, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கரிப்படிவம் மட்டும் உருவி எடுக்கப்படுகிறது. கரி எடுத்த இடத்தின் கூரையைத் தாங்கிகளை நகர்த்தி நகர்த்தி இடியவிடுவது ரூரில் வழக்கம். அந்த இடிவு பாறையடுக்குகளின் வழியே மெல்ல மேலேறி வர, தரை அமிழ்கிறது. ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல படிவங்களை வெட்டிய இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது.

தரை இறங்கினால் முதலில் வழி தவறுவது தண்ணீர். சரிவு மாறி ஓடைகள் தேங்கின. மழைநீர் வடிய இடமில்லாமல் போயிற்று. பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய் பதித்தாலோ, நிலம் அசையும்போது உடைந்துவிடும். ஆகவே வட்டாரத்தின் நடுவே ஓடிய எம்ஷர் ஆற்றையே கான்கிரீட் கரை கட்டித் திறந்த சாக்கடையாக்கினார்கள். 1899-இல் தொடங்கிய எம்ஷர் கூட்டுறவு அமைப்புதான் அந்த ஆற்றைப் பராமரித்துவந்தது. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் அசைவற்று அடங்கிய பிறகே ஆற்றை மீட்கும் வேலை கைகூடியது. 1992-இல் தொடங்கி, சுமார் 51 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய் அமைத்தார்கள். 500 கோடி யூரோவுக்கும் மேல் செலவான அந்தத் திட்டத்தால், 2021 இறுதியில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது முற்றிலும் நின்றது.

அமிழ்ந்த நிலத்தை எல்லா இடத்திலும் மேடாக்க வேண்டியதில்லை. பெர்க்காமன் நகருக்கு அருகே இப்படி உருவான பெவர்சே ஏரியும், டார்ட்முண்டின் ஹாலரே சதுப்புநிலமும் இன்று பாதுகாக்கப்பட்ட பறவை வாழிடங்கள். நாணலும் ஆழமற்ற நீரும் தாமாகவே வந்து சேர்ந்தன. அவற்றை அழிக்காமல் விட்டதே மனிதர்கள் செய்த உதவி.

பள்ளங்களின் கதை இது என்றால், மேடுகளின் கதை இதைவிடச் சிக்கலானது. கரியோடு சேர்ந்து வெளிவந்த களிப்பாறையும் மணற்பாறையும் சுரங்க வாசலில் குன்று குன்றாகக் குவிந்தன. புதிதாகக் கொட்டிய சுரங்கக் கழிவில் விதை முளைப்பது கடினம். அந்தக் கல்லில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகத் தாது கலந்திருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறுகிறது. சிலவகை பாக்டீரியாக்கள் அந்த மாற்றத்தைப் பலமடங்கு விரைவாக்குகின்றன. அமில-காரக் குறியீடு (pH) 3-க்கும் கீழே இறங்கும்போது, பாறையிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்குகிறது. கறுத்த மேற்பரப்பு கோடை வெயிலில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். கனரக வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன கல்லில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. செடிக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜனோ ஏறக்குறைய இல்லவே இல்லை. சில குன்றுகளில், மிச்சமிருக்கும் கரி தானாகவே பற்றிக்கொண்டு உள்ளுக்குள் ஆண்டுக்கணக்கில் கனன்றிருக்கிறது.

இத்தகைய குன்றில் செடி நடுவதற்கு முன்பு குன்று நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அலட்சியத்தின் விலை என்ன என்பதை வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமம் அறியும். 1966 அக்டோபர் 21 காலை, நீரூற்றின்மேல் கொட்டப்பட்டிருந்த ஏழாம் எண் கழிவுக் குன்று குழைந்து சரிந்து பள்ளிக்கூடத்தைப் புதைத்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். கழிவுக் குன்றுகளுக்கென்று தனிச் சட்டம் பிரிட்டனில் வந்தது அதற்குப் பிறகு, 1969-இல்தான். ஆகையால் மீட்பு வேலையில் சரிவைத் தணிப்பதும் வடிகால் வெட்டுவதும் முதல் கட்டம். ரூரிலும் கூம்பாக நின்ற பழைய குன்றுகளின் பாணி கைவிடப்பட்டு, பின்னாளில் எழுந்தவை படிப்படியாகத் தணிந்த சரிவுகளோடு நிலத்தோற்றத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டன.

மண்ணை உயிர்ப்பிப்பது அடுத்த கட்டம். இதற்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ஆண்டனி பிராட்ஷா. நலிந்த நிலத்தில் செடி வளராததற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து நீக்கினால், எஞ்சிய வேலையை இயற்கை செய்யும் என்பது அவர் அணுகுமுறை. அமிலம் மிகுந்தால் சுண்ணாம்பு. ஆனால் ஒருமுறை இட்டால் போதாது. பைரைட் தீரும்வரை அமிலம் மீண்டும் மீண்டும் ஊறும் என்பதால், வருங்கால அமிலத்தையும் கணக்கிட்டே சுண்ணாம்பு அளவைத் தீர்மானிக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பயறுவகைத் தாவரங்கள். நம் உழவர்கள் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுவது போன்ற உத்திதான் இது; ஐரோப்பாவின் கரிக்குன்றுகளில் அந்த வேலையைச் செய்வது குளோவர். ஆல்டர் மரங்களோ, பிராங்கியா என்னும் நுண்ணுயிரை வேர்முடிச்சில் வைத்துக்கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் பைசோலிதஸ் என்ற வேர்ப்பூஞ்சையைப் பைன் கன்றுகளுக்கு ஏற்றி நட்டார்கள். சூட்டையும் அமிலத்தையும் தாங்கும் அந்தப் பூஞ்சை, கன்றின் வேருக்கு எட்டாத நீரையும் சத்தையும் இழுத்துக் கொடுத்தது.

ரூர் இன்னொரு பாதையையும் முயன்றது. கெல்சன்கிர்ச்சனின் ரைனெல்பே போன்ற பழைய சுரங்க வளாகங்களில் கன்று நடுவதைக் குறைத்து, தானே முளைப்பவற்றை வளரவிட்டார்கள். ‘தொழிற்காடு’ என்று பெயர்பெற்ற இத்திட்டத்தில் காற்றோடு வந்த பிர்ச் விதைகள் கல்லிடுக்கில் வேர்பிடித்தன. பிர்ச் இலையுதிர்ந்து மட்கிய இடத்தில் பிற மரங்கள் மெல்ல இடம்பிடிக்கின்றன. எல்லா இடத்தையும் காடாக்கிவிடவும் கூடாது. நாட்டர்ஜாக் என்ற அரிய தேரைக்கு மரமற்ற வெற்றுக்கல்லும் ஆழமற்ற மழைக் குட்டையும் தேவை. ஐரோப்பாவில் அதற்கு மிஞ்சிய புகலிடங்களில் கரிக்குன்றுகளும் அடக்கம். பசுமை மூடிவிட்டால் அதன் வாழ்விடம் போய்விடும்.

செலவு யாருடையது? சுரங்கம் மூடிய பின்னும் தொடரும் செலவை ஏற்பதற்காகவே 2007-இல் ஆர்.ஏ.ஜி. அறக்கட்டளை உருவானது. ஆர்.ஏ.ஜி. சுரங்கக் குழுமத்தின் இரசாயனப் பிரிவாக இருந்த எவோனிக் நிறுவனத்தின் பங்குகளே தொடக்கத்தில் அதன் முதன்மையான சொத்தாக இருந்தன. சுரங்க நீர் ஏறிக் குடிநீரில் கலக்காமல் தடுப்பது, தாழ்ந்த பகுதிகளின் நீரை இறைப்பது ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் 20 கோடி யூரோவுக்கும் மேல் அது செலவிடுகிறது. முடிவே இல்லாதவை என்பதால் இவற்றுக்கு அங்கே ‘நித்தியச் சுமைகள்’ என்றே பெயர்.

இதே கேள்வி இந்தியாவுக்கும் உண்டு. இங்கே ராணிகஞ்சில் கரி வெட்டத் தொடங்கியது 1774-இல். ஜாரியாவில் 1916 முதல் நிலத்தடித் தீ எரிகிறது. 1970-களின் தேசியமயத்துக்கு முன் தனியார் வெட்டிய பல சுரங்கங்களுக்குச் சரியான வரைபடமே இல்லை. எந்த வீட்டின் கீழ் வெற்றிடம் இருக்கிறது என்பது தரை இறங்கும்போதுதான் தெரிகிறது. சுரங்கத்தை மூடுவதற்கான நிதியை முன்கூட்டியே தனிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று 2009-இல் வந்த நிலக்கரி அமைச்சகத்தின் விதிமுறை நல்ல தொடக்கம். அதில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாயும், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் ரூபாயும் விதிக்கப்பட்டன. நிலத்தடிச் சுரங்கம் மேற்பரப்பை அவ்வளவாகத் தொடாது என்ற கணிப்பு இந்த இடைவெளியில் இருக்கிறது. ஆனால் ரூரில் நிலம் இறங்கிய ஆழமும், அங்கே ஆண்டுதோறும் இறைக்கும் நீரும் வேறு கணக்கைச் சொல்கின்றன. புதிய நிலத்தடிச் சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தரும்போதே, தரை எவ்வளவு இறங்கும், நீர் எங்கே தேங்கும், சுரங்கம் மூடிய பின் அதை இறைக்கும் செலவு யாருடையது என்பவை எழுத்தில் முடிவாக வேண்டும்.