இரண்டு குழந்தைகளுக்குத் தாய்... கழுத்தில் தங்கப் பதக்கம்!

வயசு நாற்பது. மூத்த பையனுக்கு நாலு வயசு. இடுப்புக் குழந்தைக்குப் பதினோரு மாதம். "இந்த வயசுல ஓட்டப் பந்தயமா?" என்று யாராவது கேட்டால் தப்பு சொல்ல முடியுமா?

இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஜோ பேவி ஓடினார். 2014 ஆகஸ்டில் சூரிச் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், 10,000 மீட்டரை 32 நிமிடம் 22 விநாடிகளில் கடந்து தங்கம் வாங்கினார். மைதானத்தை இருபத்தைந்து சுற்று! அதற்குப் பத்து நாள் முன்புதான் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 5,000 மீட்டரில் வெண்கலம் பெற்றிருந்தார். அதுவரை ஐரோப்பியத் தங்கம் வென்ற பெண்களிலேயே வயசில் மூத்தவர் அவர்தான்.

எப்படி முடிந்தது? கணவர் கேவின்தான் பயிற்சியாளர். பால் கொடுக்கிற நேரம், தூங்க வைக்கிற நேரம் எல்லாம் போக மிச்சம் இருந்ததுதான் ஓடுகிற நேரம். மைதானத்துக்குக் குடும்பமே கிளம்பும். அவர் மனைவியின் ஓட்டத்தையும் பார்ப்பார், பிள்ளைகளையும் பார்ப்பார். பாதி பதக்கம் அவருக்குத்தான் என்பேன்!

பொறுமைக்கும் ஜோவைத்தான் சொல்ல வேண்டும். 2007-ல் ஒசாகா உலகப் போட்டியில் நாலாவதாக வந்து வெறுங்கையோடு திரும்பினார். முன்னால் ஓடிய ஒருத்தி ஊக்கமருந்து சாப்பிட்டது பிற்பாடு தெரிந்து, 2017-ல் வெண்கலம் ஜோவின் கைக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து!

அவருக்கு முன்னோடி ஸ்காட்லாந்தின் லிஸ் மெக்கால்கன். 1990 நவம்பரில் மகள் பிறந்தாள். 1991 ஆகஸ்டில் டோக்கியோவின் புழுக்கத்தில் 10,000 மீட்டர் உலகத் தங்கம். அந்த மகள் ஐலிஷ், 2022 காமன்வெல்த் போட்டியில் அதே 10,000 மீட்டரில் தங்கம் வென்றாள். 1986-லும் 1990-லும் அம்மா வாங்கிய அதே பதக்கம்!

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஓடக் கிளம்பிவிடாதீர்கள், சகோதரிகளே. அவர்கள் சின்ன வயசிலிருந்தே ஓடிப் பழகிய உடம்புக்காரர்கள். பிரசவமாகி முதல் மூன்று மாதம் ஓட்டம் வேண்டாம் என்கிறது பிரிட்டிஷ் பிசியோதெரபி நிபுணர்கள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி. சிசேரியன் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது. முதலில் மெதுவான நடை. கூடவே, சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. இதை உட்கார்ந்தபடியே செய்யலாம். தும்மினால் சிறுநீர் கசிகிறதா? அடிவயிறு கீழே இறங்குவதுபோல் கனக்கிறதா? வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு.

"ஓடினா பால் கெட்டுப்போயிடும்" என்பது வெறும் பயம். மிதமான உடற்பயிற்சியால் தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், மார்பு கனக்காது. திரும்பி வந்ததும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.