அத்திப்பட்டில் ஓர் ஆண்டிஸ் பிராணி

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரிலே, குளிரும் வறட்சியும் குடிகொண்ட பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழ்ந்து, மிருதுவான ரோமத்தின் பொருட்டே வேட்டையாடப்பட்டுப் பெரும்பாலும் அழிந்துபோன சின்சில்லா என்னும் சிறு பிராணியை, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு அண்மையில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஓங்கி நிற்கும் அத்திப்பட்டில் ஒருவர் வளர்க்க ஆசைப்படுவாரானால், அவர் முதலில் யோசிக்க வேண்டியது கூண்டின் நீள அகலத்தை அன்று. அது நிற்கப்போகும் அறையின் சீதோஷ்ணத்தையே.

சிலி நாட்டுத் தாமிரச் சுரங்கத்தில் பொறியாளராயிருந்த மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர், 1923இல் 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்றபோது, அவற்றை மலையிலிருந்து சட்டென்று இறக்கிவிடாமல் மாதக்கணக்கில் படிப்படியாகத் தாழ்நிலத்துக்குப் பழக்கியதோடு, கப்பலிலும் பனிக்கட்டி வைத்துக் கூண்டுகளைக் குளிர்வித்தார். ஒரே மயிர்க்குழியிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட ரோமங்கள் முளைக்கும் உடம்புக்கு வியர்வையால் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் சக்தி கிடையாது. ஆகையால் மின்விசிறியால் பிரயோஜனமில்லை. 25 டிகிரியைத் தாண்டினாலே அபாயம். அதற்குக் கீழேயும் கடற்காற்றின் ஈரம் சேர்ந்தால் துன்பம்தான். இரவும் பகலும் ஏ.சி. ஓட வேண்டும், ஊர்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் இடத்திலும் மின்தடை நேரக்கூடுமாதலால், அந்த வேளைக்கு ஒரு மாற்று ஏற்பாடும் அவசியம். இவ்வளவுக்கு வசதியில்லாதவர் இப்பிராணியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம் என்பது என் அபிப்பிராயம்.

வசதியுள்ளவரும் சென்னைப் பிராட்வேயில் லவ் பேர்ட்ஸுக்கென்று விற்கும் ஜி.ஐ. கம்பிக் கூண்டை வாங்கிவிடலாகாது. ஆயுள் முழுதும் பல் வளரும் இந்தக் கொறிணி எதையும் கடித்துக்கொண்டேயிருக்கும். ஜி.ஐ. கம்பியின் துத்தநாகப் பூச்சு வயிற்றுக்குள் போனால் விஷம். உப்புக் காற்றிலோ அந்தப் பூச்சு சீக்கிரமே அரிக்கப்பட்டுத் துரு தலைகாட்டும். ஆகவே பட்டறையில் சொல்லி, ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியில் எவர்சில்வர் கம்பி வைத்துச் செய்துகொள்வது உத்தமம். குட்டிகள் இருந்தால் அரை அங்குலம். தளம் கம்பி வலையாக இருந்தால் கால் சிக்கி முறியும். தகடாகவோ பலகையாகவோ இருக்கட்டும். ஒரே பாய்ச்சலில் நாலைந்தடி தாவும் ஸ்வபாவமுடையதாகையால் கூண்டு உயரமாயிருக்க வேண்டியதுதான். ஆனால் தட்டுகளை மாற்றி மாற்றி அமைத்து, நேராகக் கீழே விழ இடமில்லாமல் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். கடித்து விழுங்கிய துண்டு குடலை அடைத்துவிடும்.

தட்டுகளுக்குப் பைன் பலகை பொருத்தமானது. துறைமுகச் சரக்குப் பெட்டிகளை உடைத்த பலகை இப்பக்கம் மலிவாகக் கிடைப்பதுமுண்டு. அதில் ‘எம்.பி.’ என்ற முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் விஷவாயு ஏற்றியது என்று பொருள், ‘எச்.டி.’ என்றால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது. பின்னதிலும் எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ இருந்தால் ஒதுக்குக.

இப்பிராணி நீரில் குளிப்பதில்லை. எரிமலைச் சாம்பல் போன்ற நுண்துகளில் புரண்டு ரோமத்தைச் சுத்தம் செய்துகொள்ளும். சாம்பல்தானே, நம் ஊரில் மலைமலையாய்க் கிடக்கிறதே என்று மின்நிலையச் சாம்பலை அள்ளி வைத்துவிடக்கூடாது. அதில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்திருக்கும். இதற்கென்றே விற்கும் தூளை அகன்ற பாத்திரத்தில் வாரம் இரண்டு மூன்று முறை, பத்து நிமிஷம் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும்.