பாடியவர் வேறு, நடித்தவர் வேறு



“இங்கிலீஷ் படத்தில் பாட்டு ஏது?” என்று கேட்பவர்கள் நம் சாயல்குடிப் பக்கம் இன்றும் உண்டு. அவர்கள் 1965-இல் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தை அவசியம் பார்க்க வேண்டும். தாயில்லாத ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண், பாட்டாலேயே அந்த வீட்டைக் கலகலப்பாக்குகிறாள். ஓடுவது ஏறக்குறைய மூன்று மணி நேரம், போவதே தெரியாது.

பின்னணிப் பாடகர்கள் அங்கேயும் இருந்தார்கள்! நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ் சொந்தக் குரலில் பாடினார். நாயகன் கிறிஸ்டோபர் பிளம்மருக்குக் குரல் கொடுத்தவர் பில் லீ. ‘மை ஃபேர் லேடி’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்னி நிக்சன். திரையில் அவர் பெயரே வரவில்லை. பி.சுசீலா என்று பெயர் சொல்லிப் பாட்டுப் போட்டுப் பழகிய நமக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. அதே மார்னி நிக்சன், ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் கன்னியாஸ்திரி சோபியாவாக முகம் காட்டிப் பாடுகிறார். பார்க்கும்போது மறக்காமல் கவனியுங்கள்.

இந்தப் படத்தின் சாயலில் 1969-இல் தமிழில் வந்தது ‘சாந்தி நிலையம்’. ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்தார்கள். ஒளிப்பதிவுக்காக மார்கஸ் பார்ட்லிக்குத் தேசிய விருது கிடைத்தது. எஸ்.பி.பாலசுப்ரமணியம் தமிழில் பாடத் தொடங்கிய நாட்களின் பாடல் ஒன்று அதில் இருக்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில், பி.சுசீலாவுடன் அவர் பாடிய அந்தப் பாடல் அடுத்து வருகிறது.