வீடியோ கடையில் ‘மாயமான’ கல்யாணம்! பழைய கம்ப்யூட்டரில் பெரிய டிஸ்க் மாட்டியதால் வந்த வினை

மந்தைவெளி, –

திருடனும் வரவில்லை, பூட்டும் உடையவில்லை. ஆனால் ஒரு கல்யாணமே காணாமல் போய்விட்டது!

டேப் கேமிரா ஓடிய காலம் அது. மந்தைவெளியில் ஒரு வீடியோ கடை. கடைக்காரரிடம் இருந்தது பழைய கம்ப்யூட்டர். அதில் 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி., வாங்கிய நாளில் போட்டது போட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றை, 160 ஜி.பி., வாங்கினார். நண்பரின் புது கம்ப்யூட்டரில் பார்மேட் செய்து கொண்டு வந்து மாட்டினார்.

கல்யாண டேப் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். 10 மணி நேரம் ஏற்றும் வரை ஒரு கோளாறும் இல்லை. 11-வது மணி நேரம் ஏற்றினார். மறுநாள் காலை திரையில், “டிஸ்க் பார்மேட் ஆகவில்லை, செய்யவா?” என்று கேள்வி!

‘எஸ்’ மேல் விரல் போய்விட்டது. பக்கத்துக் கடை மெக்கானிக் பையன் ஓடி வந்தான்.

“அண்ணே, கையை எடுங்க! முதல்ல மெஷினை ஆஃப் பண்ணுங்க!”

நடந்தது என்ன?

கம்பெனி மேல் குற்றமில்லை. ஐ.டி.இ. டிஸ்க் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மாட்டலாம். விஷயம் அளவில்தான். டிஸ்க் ஒரு தெரு என்றால், பழைய முறையில் அதற்கு 26,84,35,456 கதவு எண்கள்தான். கதவுக்கு 512 பைட். கூட்டினால் 137 ஜி.பி. அதற்கு மேல் எழுதச் சொன்னால், தபால்காரர் மறுபடி தெருவின் முதல் வீட்டுக்கே போய்விடுவார். ஒரு எச்சரிக்கையும் வராது. கடைசியாக வந்த கல்யாணம் முதல் கல்யாணத்தின் தலையில் உட்கார்ந்தது இப்படித்தான்!

2002-ல் புது முறை வந்தது. அதே ஆண்டு எக்ஸ்.பி.க்கு ‘சர்வீஸ் பேக் 1’-ம் வந்தது. மதர்போர்டின் பயாஸும் ஒத்துவர வேண்டும். ஆகவே பரணில் கிடக்கும் பழைய மெஷினில் பெரிய டிஸ்க் மாட்டுவோர், முதலில் அது எத்தனை ஜி.பி. காட்டுகிறது என்று பாருங்கள். 160-க்குப் பதில் 137 அல்லது 128 என்று வந்தால் கழற்றிவிடுங்கள். ஒன்றும் ஏற்ற வேண்டாம்.

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால் ஒன்றுக்கு ‘மாஸ்டர்’, மற்றதுக்கு ‘ஸ்லேவ்’ ஜம்பர். இரண்டும் மாஸ்டர் என்றால் மெஷின் முழிக்கும். இதற்கே அரை நாள் போனவர்கள் உண்டு.

பையன் டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டினான். அதில் எதையும் எழுதாமல், மீட்பு சாப்ட்வேர் போட்டு இரண்டு நாள் தோண்டினான். பெரும்பாலும் கிடைத்தது. மேலே எழுதப்பட்ட பகுதி மட்டும் வரவில்லை.

முதலில் ஏற்றியது ஒரு வீட்டின் முகூர்த்த டேப். அந்த டேப்பிலும் வேறு கல்யாணம் எடுத்தாகிவிட்டது.

“மாப்பிள்ளை அழைப்பு இருக்கு, பந்தி இருக்கு. தாலி கட்டறது மட்டும் இல்லை. பொண்ணோட அப்பாகிட்ட என்னத்தைச் சொல்ல?” என்றார் கடைக்காரர், நமது நிருபரிடம்.