திகைத்து நிற்கும் இதயத் தசை மீண்டும் எழுமா?

மாரடைப்பிலிருந்து உயிர் தப்பியவர்களின் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "அடைப்பை நீக்கிவிட்டார்கள், இரத்தமும் ஓடுகிறது. பின் ஏன் இதயம் பலவீனமாக உள்ளது என்கிறார்கள்?" என்பதே அது. புக்கிட் தெங்கா வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் இதற்குரிய விடையை அறிந்திருத்தல் நலம். அறியாதவர்களுள் சிலர் வீணே மனம் உடைகின்றனர்; வேறு சிலர் காலம் கனியுமுன் பால் வெட்டப் புறப்பட்டு இன்னலுக்கு ஆளாகின்றனர்.

உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும் இதயமும் ஒரு தசையே. அதற்கும் இரத்தம் வேண்டும். அதனைக் கொண்டுவரும் குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புப் படலம் வெடிக்குமாயின், அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும். பட்டையில் வடியும் பால் சிறிது நேரத்தில் உறைந்து வெட்டுக்கோட்டை மூடிவிடுவதை நாள்தோறும் காண்பவர்கள் நீங்கள். மரத்திற்கு அது காப்பு. இதயக் குழாய்க்கோ அதுவே ஆபத்து.

இரத்தம் தடைப்பட்டவுடன் தசை முழுவதும் ஒரே கணத்தில் மடிந்துவிடுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர்களான ரைமர், ஜென்னிங்ஸ் ஆகியோர் நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வை 1977இல் வெளியிட்டனர். அழிவு இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி, வெளிப்புறம் நோக்கி அலைபோலப் பரவுகிறது என்பதை அது காட்டிற்று. 40 நிமிடத்தில் தடை நீங்கினால் மடியும் தசை குறைவு. 6 மணி நேரம் நீடித்தால் மிகுதி. ஆகவே, கடந்துபோகும் ஒவ்வொரு நிமிடமும் தசையைக் கொண்டுபோகிறது எனலாம்.

மடிந்த தசை மீள்வதில்லை, அவ்விடம் தழும்பாகிவிடும். ஆனால், அதனைச் சுற்றி உயிர் தப்பிய தசையும் உண்டு. இரத்தம் திரும்பிய பின்னரும் அத்தசை உடனே சுருங்கி விரிவதில்லை. அடிபட்டவன் திகைத்து நிற்பதுபோல் நிற்கிறது. பிரான்வால்ட், குளோனர் என்னும் மருத்துவர்கள் 1982இல் இந்நிலையைத் 'திகைத்த இதயத் தசை' என்ற பொருள்படும் பெயரால் விளக்கினர். இரத்தம் திடீரெனத் திரும்பும்போது தோன்றும் தீங்கு தரும் உயிர்வளிப் பொருள்களும், தசை அணுக்களுள் மிகுந்துவிடும் சுண்ணாம்புச் சத்தும் இதற்குக் காரணங்களாகும். இத்திகைப்பு சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தெளியலாம். சில வாரங்களும் ஆகலாம்.

ஆதலின், முதல் வாரத்து எக்கோ பரிசோதனையில் இதயம் தளர்ந்து காணப்படினும் அதுவே இறுதித் தீர்ப்பன்று. சில வாரங்கள் கழித்து மருத்துவர் மீண்டும் சோதித்துப் பார்ப்பது இதனாலேயே. எவ்வளவு தசை திகைத்தது, எவ்வளவு மடிந்தது என்பது அப்போதுதான் தெளிவாகும்.

விரைவின் பயனைத் தமிழ்நாடு காட்டியுள்ளது. அங்குச் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மருத்துவமனைகளோடு இணைத்து, 2012 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. கோயம்புத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி முதலியோர் இதனை நடத்தினர். 2,420 நோயாளிகள் இதில் இடம்பெற்றனர். இவ்வேற்பாட்டிற்கு முன் ஓராண்டிற்குள் இறந்தோர் 100க்கு 17.6 பேர், ஏற்பாட்டிற்குப் பின் 14.2 பேர். உறைவைக் கரைக்கும் மருந்தை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே கொடுத்து, பின்னர்ப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறையும் அதில் அடங்கும்.

நாம் செய்ய வேண்டுவது யாது? நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், "வாயுதான்" என்று தைலம் தேய்த்துக் காத்திருத்தல் கூடாது. நீரிழிவு உள்ளோருக்கும் பெண்களுக்கும் வலி குறைவாகவும் இருக்கலாம். உடனே 999 எண்ணை அழைத்தல் வேண்டும். நோயாளி தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்லலாகாது. புக்கிட் மெர்தாஜாமிலும் செபராங் ஜெயாவிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. பிரட்டு முடியட்டும், நிரை முடியட்டும் என்று தாமதித்தல் உயிருக்கே விலையாகும்.

வீடு திரும்பிய பின், வலி இல்லை என்பதற்காக மருந்தை நிறுத்தல் தகாது. குழாயில் வைத்த ஸ்டென்டில் மீண்டும் உறைவு உண்டாகலாம். புகைத்தலை அறவே விட வேண்டும். நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பால் வாளி சுமக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரே கூறுதல் வேண்டும். அவர் கூறுமுன் இலகுவான வேலை கிடைக்குமா எனத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம்.

திகைத்த தசைக்கு வேண்டுவது காலமும் மருந்தும் ஓய்வுமே. அது தெளியும்வரை அச்சத்திற்கும் இடமில்லை, அவசரத்திற்கும் இடமில்லை. அவசரம் வேண்டுவது வலி தொடங்கிய அந்த முதல் மணி நேரத்தில்தான்.