வயிற்றுப்போக்கும் குடலின் தண்ணீர்க் கதவுகளும்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும், "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று தண்ணீரை நிறுத்திவிடும் பழக்கம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்தானது. காரணம் குடலின் சுவரில் இருக்கிறது.

நாம் உண்பதிலும் குடிப்பதிலும் தினமும் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. உமிழ்நீர், பித்தநீர் என உடலே மேலும் 7 லிட்டர் அளவுக்குச் சுரக்கிறது. இதில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே. மீதியெல்லாம் குடல் சுவர் வழியாக உடலுக்குத் திரும்பிவிடுகிறது.

அந்தச் சுவரின் உள்பக்கம் ஒரே ஒரு செல் அடுக்குதான். அது தண்ணீரை விட வேண்டும், கிருமியை விடக் கூடாது. செல்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளைச் சில புரதங்கள் தையல் போட்டதுபோல் இறுக்கி வைக்கின்றன. தண்ணீருக்கென்று செல்லின் சவ்விலேயே தனிக் கதவுகள் உண்டு. அவற்றின் பெயர் அக்குவாபோரின். 1992ல் இதைக் கண்டறிந்த அமெரிக்கர் பீட்டர் ஆக்ருக்கு 2003ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

குடலில் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை பாக்டீரியா தாக்கிய எலிகளில், இந்தக் கதவுகள் சவ்வைவிட்டு விலகி செல்லுக்குள் போய்விட்டன. பேதியும் வந்தது. எலிகள் குணமானபோது கதவுகள் பழைய இடத்துக்கே திரும்பின. மூன்றாம் வகை அக்குவாபோரின் இல்லாத எலிகளுக்கோ பெருங்குடல் புண் கடுமையானது. இந்த வகை கிளிசராலையும் கடத்துவதால், அது இல்லாதபோது புதிய செல்கள் வளர்வது தாமதமானது. கிளிசரால் கொடுத்ததும் பாதிப்பு குறைந்தது. (இது எலிகளில் கண்டது. வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்!)

கதவு இருந்தால் மட்டும் போதாது. அது தண்ணீரை இழுக்காது. உப்பு போகும் பக்கம்தான் தண்ணீரும் போகும். சிறுகுடலில் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கும் வேறொரு புரதம், காலராவிலும்கூட வேலை செய்கிறது. ஓ.ஆர்.எஸ். கரைசல் பிழைக்க வைப்பது இதனால்தான். 1971ல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இதைக் கொடுத்தபோது, 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பொட்டலத்தில் 1 லிட்டர் என்றிருந்தால் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான நீரில்தான் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி, பேதியும் நீரிழப்பும் மோசமாகும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.