'வேண்டும்' என்பதிலிருந்து 'விசுவசிக்கிறேன்' வரை



விதைப்பவர் உவமையில் பாறை நிலத்தில் விழுந்த விதை விரைவாக முளைக்கிறது (மாற்கு 4:1-20). அங்கே மண் ஆழமாக இல்லாததே அதற்குக் காரணம். வெயில் ஏறியதும், வேரில்லாததால் காய்ந்துபோகிறது.

நற்செய்தி அறிவிப்பும் சில நேரங்களில் இப்படித்தான் நடக்கிறது. மேடை, ஒலிபெருக்கி, உருக்கமான பாடல். 'இயேசுவிடம் வாருங்கள், கடன் தீரும், நோய் நீங்கும்' என்ற அழைப்பு. கைகள் உயர்கின்றன, எத்தனை பேர் என்று எண்ணி மகிழ்கிறோம். மூன்று மாதம் கழித்தும் கடன் தீராத அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் நாம் தேடுவதில்லை. சில வேளைகளில், 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று அவர்மேலேயே பழியையும் போட்டுவிடுகிறோம்.

இதற்காக நாம் பிறரைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. நம் திருச்சபையின் வரலாறே நமக்குப் பாடம். 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறையில் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துக்குளிப்பு தொடர்பான மோதலில் அவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்புத் தேவைப்பட்டது. திருமுழுக்கு கிடைத்தது, மறைக்கல்வி கிடைக்கவில்லை. 1542-ல் புனித சவேரியார் வந்து, 'நீங்கள் எதை விசுவசிக்கிறீர்கள்?' என்று கேட்டபோது, 'நாங்கள் கிறிஸ்தவர்கள்' என்பதற்குமேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. குறை அவர்களுடையது அல்ல. அவர்கள் மொழியில் சொல்லித்தர ஆளில்லை.

சவேரியார் மணியடித்தபடி தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். இருமொழி அறிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் கற்பித்தார். அதிலும் ஒரு பிழை நேர்ந்தது. 1544-ல் உடன் உழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில் அதைத் திருத்துகிறார்: விசுவாச அறிக்கையில் 'வேண்டும்' என்று சொல்லிவந்த இடத்தில், விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைக்கச் சொல்கிறார்.

அந்த ஒரு சொல்லில் நமக்கு எவ்வளவு பெரிய பாடம்! ஆழமில்லாத போதனை 'எனக்கு வேண்டும்' என்று சொல்லப் பழக்குகிறது. 'விசுவசிக்கிறேன்' என்பதுவரை கூட்டிச் செல்வதில்லை. வேண்டுவது தவறா? இல்லை. பார்த்திமேயு பார்வை வேண்டினார், பெற்றார். ஆனால் அத்தோடு நிற்காமல், இயேசுவைப் பின்பற்றி அவ்வழியே நடந்தார் (மாற்கு 10:46-52). கேட்டது கிடைத்த பின்னும், ஏன், கிடைக்காத போதும், அவரோடு நடப்பதே விசுவாசம்.

அப்படி நடக்க ஒரு துணை வேண்டும். சவேரியாருக்குப் பின் அண்டிரிக் அடிகளார் அத்துணையாக இருந்தார். தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1600-ல் இறக்கும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு அம்மக்களோடு உழைத்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்வி நூல் அவர் தந்தது. அவர் கூட்டத்தைக் கூட்டிவிட்டுக் கிளம்பியவர் அல்லர், தங்கியவர்.

கடந்த பாஸ்கா திருவிழிப்பில் நம் பங்கில் திருமுழுக்குப் பெற்றவர் இன்று எப்படி இருக்கிறார்? நம் அன்பியத்தில் அவருக்கு இடம் இருக்கிறதா? வேண்டியது கிடைக்காமல் சோர்ந்து ஆலயத்துக்கு வராமல் போனவரின் வீட்டுக்கு நாம் சென்றோமா? இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுக்குச் செல்வோம். அறிவுரை சொல்ல அல்ல, அவரோடு சிறிது நேரம் அமர்ந்திருக்க.

ஆண்டவரே, எங்கள் உள்ளத்து மண்ணை ஆழப்படுத்தும். விதைத்ததோடு போய்விடாமல், வேர் பிடிக்கும்வரை உடனிருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.